தம்பிக்கு ரத்தம் கொடுத்தேன் என்கிறீர்களே!

கேள்வி: எனக்கு 36 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஐ.வி.எஃப். மூலம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. மிச்சமிருக்கும் 3 கருக்களை உறைநிலையில் வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து வைக்கப் பணம் கட்டுகிறீர்களா, இல்லை ஆராய்ச்சிக்குத் தருகிறீர்களா என்று கேட்கிறார்கள். "அதெல்லாம் என் பேரப்பிள்ளைங்க, பாவம் சும்மா விடாது" என்கிறார் அம்மா. கருவைத் தொடாமல், வளர்ந்த மனிதரின் ஸ்டெம் செல்லை (மற்ற செல்களை உண்டாக்கும் மூலச் செல்லை) வைத்தே ஆராய்ச்சி செய்தால் போதாதா? 29 வயதுத் தம்பிக்கு ஏப்ளாஸ்டிக் அனீமியா (எலும்பு மஜ்ஜையில் ரத்தம் போதிய அளவு ஊறாத நோய்), வேலூரில் பார்க்கிறோம். கரு ஸ்டெம் செல்லால் அவனுக்குக் குணமாகுமா? என் மஜ்ஜை அவனுக்குப் பொருந்துமா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. டெஸ்டுக்கு என்னை வரச் சொன்னார்கள். ஷிப்மென்ட் நேரம் என்பதால் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த குரூப் என்பதால் இரண்டு தடவை நானே ரத்தம் கொடுத்திருக்கிறேன். தங்கையைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம்.
— பெயர் வேண்டாம், ஆம்பூர்

பதில்: பாவ புண்ணியத்துக்கு அப்புறம் வருகிறேன். "இரண்டு தடவை நானே ரத்தம் கொடுத்திருக்கிறேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம். இனி ஒரு சொட்டு கூடக் கொடுக்காதீர்கள்.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்புள்ள ஏப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிக்கு அண்ணன், தங்கை, அப்பா, அம்மா யாருடைய ரத்தமும் ஏறக்கூடாது. உங்கள் ரத்தத்தோடு போகும் வெள்ளை அணுக்களைத் தம்பியின் உடல் அந்நியம் என்று அடையாளம் கண்டு, நினைவில் வைத்துக்கொள்ளும். நாளைக்கு உங்கள் மஜ்ஜையே அவருக்குள் போகும்போது, பழைய பகையாளியைப் பார்த்த மாதிரி விரட்டியடிக்கும். மாற்று சிகிச்சை தோற்றுப்போக இது ஒரு முக்கியக் காரணம். டெஸ்டுக்குப் போயிருந்தால் அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பார்கள். டெஸ்டைத் தள்ளிப்போட்ட குற்றவுணர்வில் ரத்தம் கொடுத்தீர்கள். அந்த ரத்தமே டெஸ்டின் பலனைக் கெடுக்கப் பார்க்கிறது. கொடுத்த இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள். தெரிந்தால் அதற்கேற்ப, மாற்று சிகிச்சைக்கு முன் தரும் மருந்துகளை மாற்றிக்கொள்வார்கள். இனி ஏற்றும் ரத்தம் வெளியாளுடையதாக, வெள்ளை அணு வடிகட்டியதாக, கதிர்வீச்சு காட்டியதாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஒரே குரூப் என்பதால் மஜ்ஜையும் பொருந்தும் என்று நினைத்திருந்தால் அதுவும் தப்பு. ரத்த குரூப் 9-ஆவது குரோமோசோம் சமாச்சாரம், எச்.எல்.ஏ. 6-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. குரூப் ஒன்றாக இருந்தும் மஜ்ஜை பொருந்தாமல் போகலாம். குரூப் வேறாக இருந்தும் பொருந்தலாம். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த வாய்ப்பு 4-ல் 1. நீங்களும் தங்கையும் சேர்ந்து போனால், இருவரில் ஒருவராவது பொருந்த வாய்ப்பு 16-ல் 7. கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் கூடப்பிறந்தவள் இல்லை என்று ஆகிவிடுமா? அவளிடம் கேட்டீர்களா, இல்லை அவளுக்காக நீங்களே முடிவு செய்துவிட்டீர்களா? அவள் மாமியார் வீட்டுக்கு நேரில் போய், மரியாதையாகப் பேசி அழைத்து வருவது அண்ணன் வேலை.

இந்த நோயில் நாள் கடத்துவது ஆபத்து. பெரும்பாலும், உடலின் சொந்த எதிர்ப்பு சக்தியே மஜ்ஜையில் உள்ள ரத்த ஸ்டெம் செல்களை அழித்துவிடுகிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணு 500-க்குக் கீழே போனால் சாதாரணக் காய்ச்சல் கூட உயிருக்கு உலை வைக்கும். பூஞ்சைத் தொற்று நுரையீரலில் உட்கார்ந்துவிட்டால் மாற்று சிகிச்சையே தள்ளிப்போகும். யாருடைய ரத்தமானாலும், ஏற்ற ஏற்ற நிராகரிப்பு அபாயமும் கூடும். 29 வயதில், பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் முதல் சிகிச்சையே மஜ்ஜை மாற்றுதான். இல்லையென்றால்தான் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஏ.டி.ஜி., சைக்ளோஸ்போரின் மருந்துகள் என்று யோசிப்பார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியவே உங்கள் கையிலிருந்து சில மில்லி ரத்தம் வேண்டும். ஷிப்மென்ட் அடுத்த வாரமும் போகும்.

மஜ்ஜை கொடுக்கப் பயந்துதான் டெஸ்டைத் தள்ளிப்போட்டீர்கள் என்றால், விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகுத்தண்டில் யாரும் கை வைப்பதில்லை. முழு மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார்கள். ஒன்றிரண்டு மணி நேர வேலை. கொடுப்பவரின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுப்பதில்லை. சில நாள் இடுப்பு கடுக்கும், மாடிப்படி ஏறச் சிரமப்படும், இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். சில வாரங்களில் மஜ்ஜை பழையபடி ஊறிவிடும். ஆண்மை குறையும், பாரம் தூக்க முடியாது என்பதெல்லாம் திண்ணைப் பேச்சு. எடுத்த மஜ்ஜையைத் தம்பிக்கு ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றுவார்கள். செல்கள் தாமாக எலும்புக்குள் வழி தேடிப் போய்க் குடியேறும்.

நீங்கள் கேட்கும் "வளர்ந்த மனிதரின் ஸ்டெம் செல்" இதுதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து இந்த மாற்று சிகிச்சை நடக்கிறது. 2024-ல் அங்கிருந்து வெளியான ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) மரபணு சிகிச்சையிலும் 5 நோயாளிகளின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லைத்தான் பயன்படுத்தினார்கள். ரத்த நோய்க்கு இது போதும். ஆனால் ரத்த ஸ்டெம் செல் ரத்தத்தைத்தான் உண்டாக்கும். விழித்திரையையோ மூளை நரம்பையோ உண்டாக்காது. கரு ஸ்டெம் செல் எதுவாகவும் மாறும், அதனால்தான் அதைத் தேடிப் போகிறார்கள். 1998-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து அதைப் பிரித்து வளர்த்தார். ஐந்தாறு நாள் கருவின் உள்செல்களை எடுத்தால் அந்தக் கரு அழியும். அம்மாவின் வருத்தம் ஆதாரமில்லாதது அல்ல. 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 4 மரபணுக்களைச் செலுத்தி எலியின் வளர்ந்த செல்லையே கரு நிலைக்குத் திருப்பினார், அடுத்த ஆண்டே மனித செல்லிலும் அது நடந்தது. அதன் பிறகு கருவின் தேவை குறைந்தது, ஆனால் தீர்ந்துவிடவில்லை. திருப்பிய செல் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, ஒப்பிட அசல் வேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பிக்குக் கரு ஸ்டெம் செல்லால் இன்று ஒரு பயனும் இல்லை. அப்படி ஊசி போடுகிறோம் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பரிசோதனை நிலையில் இருப்பதற்குக் காசு வாங்கவே நம் நாட்டு விதி இடம் தரவில்லை.

உறைந்திருக்கும் கருக்களை 10 வருடம் வரைதான் வைக்கலாம் என்கிறது 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம். அதன்பின் அழியவிடலாம், அல்லது தம்பதியர் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தரலாம். ஆராய்ச்சியிலும் 14 நாளைத் தாண்டி வளர்க்கக்கூடாது, விற்கவும் கூடாது. ஐந்து நாள் கருவை நான் பேரப்பிள்ளை என்று சொல்ல மாட்டேன், குப்பை என்றும் சொல்ல மாட்டேன். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று உறுதியாக முடிவெடுத்துவிட்டால், வீணாக அழியவிடுவதைவிட ஆராய்ச்சிக்குக் கொடுப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்பது என் கட்சி. ஆனால் இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவரும் சம்மதிக்காமல் அந்தச் சம்மதப் படிவம் செல்லாது. அம்மாவுக்குப் பதில் சொல்லுமுன் அவரிடம் கேளுங்கள்.

அதற்கு அவசரமில்லை. டெஸ்டுக்குத்தான் அவசரம். வெறும் வயிற்றோடு போகவேண்டிய டெஸ்ட் இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறலாம். வேலூர் பஸ் ஸ்டாண்டில் தங்கை வந்து சேர்ந்துகொள்ளட்டும்.