சிபிடி எண்ணெய்ப் புட்டிகளும் பெட்டிகளும்: வீட்டில் சேரும் பொதிக் குப்பையைக் குறைப்பது எப்படி?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் மாமியார் முழங்கால் வலிக்காக, மருத்துவரைக் கேட்டு, மருந்தகத்தில் கிடைக்கும் சிபிடி (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத பொருள்) எண்ணெயை நாளுக்கு 10 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு சிறு புட்டியும் அட்டைப்பெட்டி, நெகிழி உறை, விளக்கத் தாள், சொட்டுக்குழாய் ஆகியவற்றோடு வருகிறது. சென்ற முறை 'மக்கும் பை' என்று அச்சிட்ட பையில் கேப்சூலும் வாங்கினோம். இவற்றில் எதை மறுசுழற்சிக்கான ஆரஞ்சுப் பையில் போடலாம்? குப்பையைக் குறைக்க வழி உண்டா?"

எதை எந்தப் பையில் போடுவது என்பதற்கு முன்னால், எத்தனை பொதி வீட்டுக்குள் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரிய குறைப்பு அங்கேதான் கிடைக்கும். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 செப்டம்பர் 18 அன்று வழங்கிய தீர்ப்பு, வயது வந்தோர் கஞ்சாவைத் தனிப்பட்ட முறையில் பயன்படுத்துவதைக் குற்றமல்ல என்றது. விற்பனைக்கு அது இடமளிக்கவில்லை. மருந்துச் சீட்டில்லாமல் கடையில் வாங்கக்கூடியது குறைந்த அளவு சிபிடி மட்டுமே. அதற்கான விதி, நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளச் சொல்லக் கூடாது, ஒரு பொதியில் 600 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறுக்கிறது. ஆகவே ஒரே பெரிய புட்டியாக ஆண்டுக்கு வாங்கி வைப்பது இயலாது. ஆனால் 10 மில்லிகிராம் எடுப்பவருக்கு 600 மில்லிகிராம் புட்டி 60 நாள் வரும். ஆண்டுக்கு ஆறு புட்டிகள் போதும். 300 மில்லிகிராம் புட்டியாக வாங்கினால் பன்னிரண்டு புட்டிகள், பன்னிரண்டு பெட்டிகள், பன்னிரண்டு சொட்டுக்குழாய்கள். திறந்தபின் எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று புட்டியில் எழுதியிருப்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரே 600 மில்லிகிராம் சிபிடி 30 மில்லிலிட்டர் புட்டியிலும் வரும், 10 மில்லிலிட்டர் புட்டியிலும் வரும். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று கொண்டால், முன்னதில் ஒரு சொட்டில் 1 மில்லிகிராமும் பின்னதில் 3 மில்லிகிராமும் இருக்கும். கண்ணாடி மிச்சமாகிறது என்று சிறிய புட்டிக்கு மாறிவிட்டுப் பழைய கணக்கிலேயே பத்துச் சொட்டு விட்டால் அளவு மும்மடங்காகிவிடும். தங்கள் மாமியார் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் எடுப்பவரானால் சிபிடி அதன் வேகத்தைக் கூட்டக்கூடும் என்பதால், மருந்தாளரைக் கேட்காமல் புட்டியை மாற்றாதீர்கள். குப்பைக்காக அந்த ஆபத்தை ஏற்பது தகாது.

இனிப் பொருள் பொருளாகப் பார்ப்போம். பழுப்புக் கண்ணாடிப் புட்டி வீண் ஆடம்பரமன்று: ஒளி பட்டால் சிபிடி சிதையும். வெறும் புட்டியை மெல்லிய தாளால் துடைத்து, சிறிது சோப்பு நீரில் அலசி, கண்ணாடிக்கும் டின்னுக்கும் உரிய ஒளிபுகும் பையிலோ கண்ணாடி சேகரிப்புத் தொட்டியிலோ சேர்க்கலாம். ஒட்டிய தாளை உரிக்கத் தேவையில்லை. சொட்டுக்குழாய்தான் தொல்லை. ரப்பர் குமிழ், நெகிழி வளையம், கண்ணாடிக் குழல் ஆகிய மூன்றும் ஒன்றாகப் பிணைந்த சிறு பொருளைப் பிரித்தெடுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. அது பொதுக் குப்பைக்கான கறுப்புப் பைக்கே போகும். சொட்டுக்குழாய்க்குப் பதில் சொட்டு விடும் செருகி பொருத்திய புட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதில் கழியும் நெகிழி மிகக் குறைவு. அட்டைப்பெட்டியும் விளக்கத் தாளும் ஆரஞ்சுப் பைக்கு உரியவை. பெட்டியைத் தட்டையாக்கிப் போடுவது நல்லது. கழுத்தைச் சுற்றிய மெல்லிய நெகிழி உறை கறுப்புப் பைக்கு.

கேப்சூல் நெகிழிப் புட்டியில் வந்தால் அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட் எனும் நெகிழி வகை, 2 என்றால் கெட்டியான பாலித்தீன். இரண்டும் ஆரஞ்சுப் பையில் போகும். பெட் புட்டியானால், குழந்தைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருகும் மூடியைக் கழற்றாமல் அதிலேயே மூடிவிடுங்கள். ஆலையில் பொடித்துக் கழுவும்போது பெட் நீரில் மூழ்கும், மூடியின் நெகிழி மிதக்கும்; அங்கே அவை தாமாகவே பிரிந்துவிடுகின்றன.

'மக்கும் பை' என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அத்தகைய பைகள் பலவும் தொழிற்சாலை உரக்கிடங்கின் உயர்ந்த வெப்பத்தில்தான் மக்கும். தோட்டத்து எருக்குழியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆரஞ்சுப் பையில் போட்டாலோ மற்ற நெகிழியின் தரத்தைக் கெடுக்கும். உள்ளே வெள்ளி போல் மின்னும் பையானால் அது நெகிழியும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது, மறுசுழற்சிக்கு ஆகாது. இரண்டும் கறுப்புப் பைக்கே. அடுத்த முறை கேப்சூலைப் புட்டியில் வாங்குங்கள்.

நம் ஊரில் மறுசுழற்சிக்குப் போகும் பொதிகளில் பெரும்பகுதி, தெருவில் தள்ளுவண்டியோடு வரும் குப்பை பொறுக்குவோரின் கையால்தான் போகிறது. அவர்களுக்கு எடைக்குத்தான் காசு என்பதால், சிறு புட்டியைத் தேடி எவரும் பையைக் கிளற மாட்டார்கள். புட்டிகளை ஒரு சிறு பெட்டியில் சேர்த்துவைத்து, பத்துப் பதினைந்து ஆனதும் ஒன்றாக வெளியே வைத்தால் எடுத்துச் செல்லப்பட வாய்ப்பு அதிகம்.

ஊறுகாய்ப் புட்டியைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் நம் வழக்கம் இங்கே அளவோடு இருக்கட்டும். பெயர்த்தாளை முழுவதும் அகற்றாமல் வேறு எண்ணெயையோ மருந்தையோ ஊற்றி வைத்தால், கண் மங்கிய முதியவரும் குழந்தையும் ஏமாறுவார்கள். பழைய புட்டியில் நிரப்பித் தருமாறு மருந்தகத்தில் கேட்கவும் வேண்டாம். முத்திரையும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத மருந்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

அதிகப் பொதிக்குக் காரணம் பெரும்பாலும் விதிகள்தான். கனடாவில் உண்ணும் வகைக் கஞ்சாப் பொருளின் ஒரு கொள்கலனில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சி 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் இரண்டொரு துண்டு மிட்டாய்க்கும் தனிப் பொதி வேண்டியிருக்கிறது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக வைத்த அத்தகைய வரம்புகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புட்டிக்கு மேல் பெட்டி, பெட்டிக்கு மேல் பளபளப்பு உறை என்பதெல்லாம் பெரும்பாலும் விற்பனைக்கான அலங்காரமே. 2021 மே 5 முதல் தென்னாப்பிரிக்காவில் பொதிகளைச் சந்தையில் விடும் உற்பத்தியாளரே அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் செலவை ஏற்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. ஆகவே பெட்டியில் உள்ள முகவரிக்கு எழுதி, இந்தத் திட்டத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா, பெட்டியும் சொட்டுக்குழாயும் இல்லாமல் அதே புட்டியைத் தர முடியுமா என்று கேளுங்கள். விளக்கத் தாளைப் பெயர்த்தாளின் பின்பக்கமாகவே மடித்து ஒட்டும் முறை மருந்துத் துறையில் ஏற்கெனவே இருப்பதால், இது செய்ய முடியாத காரியம் அன்று.