மறுமணத்துக்குப் பிறகு காலஞ்சென்ற முதல் கணவர் பெயரில் உள்ள வீட்டை விற்கலாமா, அதன் மேலுள்ள வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

விற்கலாம். மறுமணம் செய்ததால் உங்கள் பங்கு எங்கும் போய்விடாது. "வேறு கல்யாணம் பண்ணினால் வீட்டில் உரிமை கிடையாது" என்று கொழுந்தனார் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 1856-இல் வந்த விதவை மறுமணச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது உண்மைதான். ஆனால் 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின், கணவர் இறந்த அன்றே மனைவியின் பங்கு அவளுக்கு முழு உரிமையோடு வந்துவிடுகிறது. பிறகு அவள் யாரைக் கட்டிக்கொண்டாலும் அது திரும்பிப் போகாது. அந்தப் பழைய சட்டத்தையே 1983-இல் நீக்கிவிட்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பத்திரம் கணவர் பெயரில் மட்டும், உயில் இல்லை, ஒன்பது வயதில் மகன், மாமியார் இருக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் அது மூன்று பேருடைய வீடு. உங்களுக்கு, மகனுக்கு, மாமியாருக்கு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மாமனார் உயிரோடு இருந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார். கொழுந்தனாரும் வரமாட்டார். கடனில் நீங்கள் இணை விண்ணப்பதாரர் என்பதால் உங்கள் பங்கு கூடிவிடாது. (கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கே வேறு. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

என் கதையும் ஏறக்குறைய இதுதான். திருச்சியில் வீடு, என் மகள் அப்போது சின்னப் பிள்ளை, மாமியார் ஸ்ரீரங்கத்தில். மறுமணம் முடிந்து கோயம்புத்தூர் வந்த பிறகு வீட்டு வாடகை தவணைக்குப் போதவில்லை.

முதலில் கடனை மாற்றத்தான் பார்த்தேன். வட்டி குறைவாகத் தருகிறேன் என்ற வங்கியின் வக்கீல் கோப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வேறு வங்கிக்குப் போனால் புதிதாக அடமானம் எழுத வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனர் பங்கை விற்க மட்டுமல்ல, அடமானம் வைக்கவும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். சரி, இருக்கிற வங்கியிலேயே குறைக்க முடியுமா என்று கேட்டேன். 2017-இல் வாங்கிய கடன், பழைய எம்சிஎல்ஆர் கணக்கில் (வங்கி தன் சொந்தச் செலவை வைத்துப் போடும் வட்டி) ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விண்ணப்பமும் மாற்றுக் கட்டணமும் கொடுத்ததும் ரெப்போ வட்டியோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) இணைத்துவிட்டார்கள். கணவர் எழுதிக்கொடுத்த அடமானமே தொடர்வதால் யாரும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. உங்கள் கடனும் 2019 அக்டோபருக்கு முன் வாங்கியது என்றால் முதலில் இதைக் கேளுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அசலில் கட்டலாம். மாறும் வட்டியில் இருக்கும் தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

விற்பது என்று முடிவானபோது அத்தையிடம் போய்ப் பேசினேன். தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவார் என்று நினைத்திருந்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா எம்புள்ள வீடு எம்பேத்திக்குத்தான்" என்றார். வங்கியிடம் தடையில்லாக் கடிதம் வாங்கி, தன் பங்கைப் பேத்தி பெயரிலேயே செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் கொடுக்கும் பத்திரம்) எழுதினார். குடும்பத்துக்குள் எழுதுவதால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்பனை என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஒன்பது சதவீதம். இப்போது மூன்றில் இரண்டு பங்கு மகளுடையது. எனக்கு முதலில் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

புரோக்கர்கள், "அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டால் போதும், கோர்ட்டெல்லாம் எதுக்கு?" என்பார்கள். பத்திரம் பதிவாகிவிடக்கூடும். ஆனால் பிள்ளை பதினெட்டு வயதாகி மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். வாங்குபவர் கடன் போட்டு வாங்கினால் அவருடைய வங்கி நீதிமன்ற உத்தரவைக் கேட்கும். உங்கள் இப்போதைய கணவர் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும், சட்டத்தில் மாற்றாந்தந்தை இயற்கைக் காப்பாளர் ஆகமாட்டார். மனு உங்கள் பெயரில்தான் போக வேண்டும்.

வீடு இருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், பொறியாளரின் மதிப்பீடு, விற்பனை ஒப்பந்தம், அத்தையின் ஆட்சேபனை இல்லை என்ற பிரமாணப் பத்திரம் எல்லாம் வைத்தோம். நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: இந்த விற்பனையால் குழந்தைக்கு என்ன நன்மை? எனக்குப் பணம் தேவை என்பது அங்கே பதிலாகாது. வாடகையை மீறிய தவணை, ஒழுகும் மொட்டை மாடி, ஏறிக்கொண்டே போகும் கடன் பாக்கி இவற்றைக் காட்டித்தான் உத்தரவு கிடைத்தது. கடனை அடைத்தபின் மகளின் பங்கு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவளுக்குப் பதினெட்டு வயதாகும் வரை வைப்புத்தொகை, வட்டியைப் படிப்புக்கு எடுக்கலாம் என்று உத்தரவு. அந்த வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரிக்கு வரும் என்பதை ஆடிட்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். விற்ற லாபத்தில் பிள்ளையின் பங்கும் அப்படித்தான். லாபக் கணக்குக்கு உங்கள் கணவர் வாங்கிய விலைதான் அடிப்படை.

பத்திரத்தில் பெயர் எழுதும்போது கவனம். வாரிசுச் சான்றிதழில் ஒரு கணவர் பெயர், ஆதாரில் இன்னொருவர் பெயர். எங்கள் பத்திர எழுத்தர், "காலஞ்சென்ற இன்னாரின் மனைவியாக இருந்தவரும், தற்போது இன்னாரின் மனைவியுமான" என்று இரண்டையும் சேர்த்து எழுதி, மறுமணப் பதிவுச் சான்றையும் இணைத்தார். பான் அட்டையில் அப்பா பெயர்தான் இருக்கும் என்பதால் அதில் மட்டும் குழப்பமே வரவில்லை. அப்புறம், கடன் முடிந்த முப்பது நாளுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து, வங்கியின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

கடைசியாகக் கேட்டது: உங்கள் பங்குப் பணத்தில் இப்போதைய கணவரோடு கூட்டாக வீடு வாங்கலாமா? தாராளமாக. நாங்களும் வாங்கினோம். ஆனால் பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சதவீதம் போட்டு எழுதச் சொல்லுங்கள். உயில் இல்லாமல் நீங்கள் போய்விட்டால் உங்கள் பங்கு கணவருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். மொத்தமும் மகனுக்கே போக வேண்டும் என்றால் உயில் எழுதத்தான் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் போட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை. நான் பதிவே செய்துவிட்டேன். இவரும் கூடவே வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொடுத்தார்.