பேக்கப் விடிந்தும் முடியவில்லையா?

கேள்வி: ஃபைல் சர்வரிலிருந்து பேக்கப் சர்வருக்கு 1.5 டிபி டேட்டா நகலாக வேண்டும். ஸ்விட்ச், நெட்வொர்க் கார்டு எல்லாமே ஜிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட். ஆனாலும் வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடலாமா?

பதில்: வேண்டாம், பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அந்த 11தான் துப்பு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், எனவே 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, பாக்கெட் தலைப்புகள் போக மிஞ்சுவது 11 சொச்சம். டிஸ்க் திணறினால் வேகம் ஏறி இறங்குமே தவிர, இப்படி ஒரே எண்ணில் நிற்பது அபூர்வம். இந்த வேகத்தில் உங்கள் டேட்டாவுக்கு 38 மணி நேரம் ஆகும். ஜிகாபிட்டின் 110 எம்பி கிடைத்தால் நாலு மணி நேரத்துக்குள் முடியும்.

முதலில் இரண்டு சர்வரிலும் லிங்க் வேகத்தைப் பாருங்கள். லினக்ஸில் ஈத்டூல் கட்டளை, விண்டோஸில் அடாப்டரின் ஸ்டேட்டஸ் ஜன்னல். 100 என்று காட்டினால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் தேவை. 100க்கு இரண்டு போதும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ க்ரிம்ப்பில் (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் இடம்) சரியாகப் பதியாமல் போனால், பல கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். லிங்க் விளக்கு எரியும், பிங் போகும், யாருக்கும் சந்தேகம் வராது.

இரு முனையிலும் 1000 காட்டியும் வேகம் இல்லையா? நடுவே எங்கோ ஒரு பழைய ஸ்விட்ச் ஒளிந்திருக்கலாம். இரு சர்வரிலும் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டினால் தெரிந்துவிடும். அது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 940 மெகாபிட் வந்தால் பாதை சுத்தம். 94 வந்தால் வழியில் 100 இருக்கிறது.

பாதை சுத்தமாக இருந்தும் இழுத்தால், 10 ஜிபி ஃபைல் ஒன்றை மட்டும் அனுப்பிப் பாருங்கள். அது பறந்தால் பிரச்சினை லட்சக்கணக்கான பொடி ஃபைல்கள். ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போகிறது. எல்லாவற்றையும் டார் கட்டளையால் ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்புங்கள். அந்த 10 ஜிபி ஃபைலும் ஊர்ந்தால் சிபியுவில் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில், டேட்டாவைச் சுருக்கி அனுப்பச் சொல்லும் 'இசட்' போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். உள் நெட்வொர்க்கில் அந்தச் சுருக்கல் பெரும்பாலும் வீண் சுமை.

கேள்வி: என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) எழுதும் வேகம் தொடக்கத்தில் நன்றாக இருந்து, போகப்போகப் படுத்துவிடுகிறதே?

பதில்: டிஸ்க்கின் மாடல் எண்ணைத் தேடி, எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று பாருங்கள். இவை டிஸ்க்கில் டேட்டாவை எழுதும் இரு முறைகள்; சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாது. எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதப்படுவதால், கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பிடம் நிரம்பியதும் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டிவரும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் இந்த ரகம்தான் என்பது 2020இல் வெளிவந்தது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டில் போடுவதானால் சிஎம்ஆர் மட்டும் வாங்குங்கள்.