அரசாங்க லைசென்ஸ் இருந்தா அரசாங்கக் கடனா?

கேள்வி: சார், எடிசன்ல (நியூஜெர்சி) இட்லி மாவு அரைச்சு கடைகளுக்கு சப்ளை பண்றோம். பெரிய கிரைண்டர், ஒரு கூலர் வேன் வாங்க 80,000 டாலர் தேவை. எஸ்.பி.ஐ.சி.ன்னு, சின்ன தொழில்கள்ல முதலீடு பண்ண அரசாங்க லைசென்ஸ் உள்ள கம்பெனிங்க பணம் தருவாங்க, தொழில் படுத்துட்டா அரசாங்கமே பாத்துக்கும்னு ஃப்ரெண்ட் சொல்றார். நிஜமா?

பதில்: ஃப்ரெண்ட் அரைகுறையா கேட்டுட்டு வந்திருக்கார். எஸ்.பி.ஐ.சி. 1958-ல பிரசிடென்ட் ஐசனோவர் காலத்துச் சட்டத்துல வந்தது, ஆனா நடத்துறது முழுக்க பிரைவேட் ஆளுங்க. அவங்க வெளியில திரட்டுற ஒவ்வொரு டாலருக்கும் பொதுவா ரெண்டு டாலர் வரைக்கும் எஸ்.பி.ஏ. (அமெரிக்க அரசாங்கத்தோட சிறுதொழில் அமைப்பு) கேரண்டியோட கடன் எடுத்துக்கலாம், பத்து வருஷத்துல வட்டியோட கட்டணும், அந்த கேரண்டி அவங்களுக்குக் கடன் கொடுத்தவங்களுக்குத்தான், உங்களுக்கு இல்ல. அவங்களுக்கே வட்டி கட்டுற நெருக்கடி இருக்கறதால, மாசாமாசம் காசு நல்லா வர்ற கம்பெனியாப் பாத்துதான் போடுவாங்க, கடனோட சேத்து கொஞ்சம் ஷேரும் கேப்பாங்க. அந்தக் காலத்துல ஆப்பிள், இன்டெல், ஃபெட்எக்ஸ் எல்லாம் இந்தப் பணத்தைத் தொட்டவங்கதான். நிகர சொத்து 2.4 கோடி டாலருக்குக் கீழ, ரெண்டு வருஷ சராசரி லாபம் 80 லட்சத்துக்குக் கீழ இருந்தா அவங்க கணக்குல சின்ன கம்பெனி! உங்க 80,000-க்கு அங்க யாரும் ஃபைலைக்கூட பிரிக்க மாட்டாங்க.

நீங்க பேங்க்ல செவன்-ஏ லோன் (எஸ்.பி.ஏ. கேரண்டியோட பேங்க் தர்ற சிறுதொழில் கடன்) கேளுங்க. அதுலயும் எஸ்.பி.ஏ. கேரண்டி பேங்குக்குத்தான், 20 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு வச்சிருக்கறவங்க சொந்த ஜாமீன் போட்டாகணும், அதனால வீட்டம்மா பேர்ல பாதி எழுதியிருந்தா அவங்களும் கையெழுத்து போடணும். கிரைண்டர் மட்டும் போதும்னா எஸ்.பி.ஏ. திட்டத்துல மைக்ரோலோன்னு சின்னக் கடன் 50,000 டாலர் வரைக்கும் கிடைக்கும்.

கேள்வி: ஹூஸ்டன்ல இடம் வாங்கி விக்கிற தொழிலுக்கு எஸ்.பி.ஐ.சி. தருமா? மிச்சத்தை கோயம்புத்தூர்ல போடலாம்னு இருக்கேன்.

பதில்: நல்லா கேட்டீங்க போங்க! ரியல் எஸ்டேட்டுக்கும் கிடையாது, வட்டிக்கு விடுறதுக்கும் கிடையாது, பணத்தை அமெரிக்காவை விட்டு வெளிய கொண்டு போறதுக்கும் கிடையாது. வாங்கித் தர்றேன்னு எவனாவது முன்பணம் கேட்டா, அந்த கம்பெனி பேர் எஸ்.பி.ஏ. வெப்சைட்ல லைசென்ஸ் லிஸ்ட்ல இருக்கான்னு முதல்ல பாருங்க.