வீட்டில் வளர்க்கும் அரேபிய மணல் பாம்பு (Arabian sand boa) எலிக்குஞ்சைத் தொடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

முதலில் ஒன்று: அது பிடிவாதம் இல்லை, பழக்கம். ஓமன், சவூதி மணல்வெளிகளில் இந்தப் பாம்பின் முக்கிய இரை பல்லிதான். எலி வாசனை அதற்கு உணவு வாசனையாகவே படாது.

உறைய வைத்த எலிக்குஞ்சை முழுவதும் உருக்கி, வெதுவெதுப்பாக்கி, பல்லி உரித்த தோலால் நன்றாகத் தேயுங்கள். விளக்கை அணைத்த பிறகு, இடுக்கியில் பிடித்து மணலை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். பாம்பின் கண்கள் தலையின் உச்சியில் இருப்பதால், மணலுக்கு மேலே இரண்டு கருமணிகள் மட்டும்தான் தெரியும். அப்புறம் சட்டென்று மணல் வெடித்த மாதிரி ஒரு பாய்ச்சல்! சுவரில் பிடித்த பல்லியை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள், ஒட்டுண்ணிகள் வரும்.

இரை எடுக்காததற்குக் குளிரும் காரணமாக இருக்கலாம். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரிக்கு மேல் சூடாகவும், மறுபக்கம் 25 டிகிரி வாக்கிலும் இருக்கட்டும். உலர்ந்த நுண்மணல், முழு உடலும் புதையும் ஆழத்துக்கு. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், சிந்தாமல்.

இந்தியாவில் இருந்து கேட்கிறீர்கள் என்றால், இதன் உறவான நம் ஊர் மண்ணுளிப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.