ஹெலிகாப்டர்ல சாதா டேப்லெட்டை மாட்டிட்டு பறந்தா என்ன? சர்டிஃபை பண்ண டிஸ்ப்ளே ஏன் அவ்ளோ விலை?

மேப் பார்க்க டேப்லெட் ஓகே லா, நிறைய பைலட் வச்சிருக்காங்க. ஆனா மேகத்துக்குள்ள போயிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது, ஸ்க்ரீன் காட்டுற சாய்வை நம்பித்தான் ஓட்டணும், அப்போ ஸ்க்ரீன் அணைஞ்சா கூட பரவால்ல, ஸ்டேண்ட்பை கருவி இருக்கும், தப்பான சாய்வை சரி மாதிரி காட்டுச்சுன்னாதான் ஆபத்து, பைலட்டுக்கே தெரியாம கவுந்துடும்.

அதனால பெரிய ஹெலிகாப்டருக்கான ஐரோப்பிய விதி சிஎஸ்-29 படி, ஆளைக் கொல்லுற மாதிரி ஃபெயிலியர் 100 கோடி பறக்குற மணி நேரத்துக்கு ஒண்ணுங்கிற அளவுக்கு அரிதா இருக்கணும். ஓட்டிப் பார்த்து நிரூபிக்க முடியாது (லட்சம் வருஷத்துக்கு மேல ஆகும்!), டிசைனை அலசி கணக்கு காட்டுவாங்க.

சாஃப்ட்வேருக்கு அப்படி எண் போட முடியாது, அங்கதான் டிஓ-178சி-ங்கிற விமான சாஃப்ட்வேர் தரநிலை வருது. லெவல் ஏ-ன்னா (ஃபெயிலானா ஆளைக் கொல்லுற சாஃப்ட்வேருக்கான, ரொம்ப கடுமையான லெவல்) ப்ரோக்ராம் கோடுல ஒவ்வொரு கண்டிஷனும் தனித்தனியா முடிவை மாத்துதுன்னு டெஸ்ட்ல காட்டணும், விலை ஏறுறதுக்கு இதுதான் பெரிய காரணம்னு நான் சொல்லுவேன். ஹார்ட்வேருக்கு டிஓ-254. சூடு, மின்னல், அதிர்வுக்கு டிஓ-160, ரோட்டர் ஆட்டம் வேற ரகம்ங்கிறதால ஹெலிகாப்டருக்குன்னே தனி அதிர்வு டெஸ்ட் இருக்கு.

நம்ம சிங்கப்பூர்ல பதிவு பண்ண ஹெலிகாப்டர்னா, இங்க உள்ள விமானப் போக்குவரத்து ஆணையம் சிஏஏஎஸ்ஸும் ஒத்துக்கணும்.