கோழி அடைப்புக்குக் கூரை: முதலில் வாட்டம், பிறகுதான் தகடு

கேள்வி: வீட்டுக்குப் பின்புறம் 8 அடிக்கு 10 அடியில் கம்பிவலை அடைப்பு போட்டு 8 கோழிகள் வளர்க்கிறேன். வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து மேலே தார்ப்பாய் கட்டினேன். ஒரே மழையில் தண்ணீர் தேங்கி வலையோடு தொய்ந்துவிட்டது. மதியத்தில் உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. என்ன கூரை போடலாம்?

பதில்: தார்ப்பாய் தரம் குறைந்தது என்பதல்ல சிக்கல், தட்டையாகக் கட்டியதுதான். 3 அடிக்கு 3 அடி பள்ளத்தில் சராசரி 3 அங்குலம் தண்ணீர் நின்றாலே 60 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். ஓர் ஆள் ஏறி நிற்பது போலத்தான். அந்தப் பாரத்தில் வலை தொய்யும், தொய்ந்த இடத்தில் இன்னும் தண்ணீர் சேரும். இழுத்துக் கட்டினாலும் அடுத்த மழைக்கு இதே கதிதான். நிழல்வலை வெயிலுக்கு நல்லது, ஆனால் மழையைத் தடுக்காது. இரண்டுக்கும் சேர்த்து என்றால் வாட்டம், அதாவது ஒரு பக்கச் சாய்வு, கொடுத்துத் தகடு போடுவதே சரி.

இப்போதுள்ள வலையின் மேல் தகட்டை வைக்காதீர்கள். கூரையின் பாரம் தனிக் கால்களில் இறங்க வேண்டும். 10 அடி நீளப் பக்கங்கள் இரண்டிலும் 5 அடிக்கு ஒன்றாக மும்மூன்று கால், மொத்தம் 6. இரண்டு அங்குல ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போதும். ஒவ்வொன்றையும் 2 அடி ஆழம் இறக்கிக் கான்கிரீட் போடுங்கள். சின்னக் கூரைதானே என்று இதில் குறைத்துவிடக் கூடாது; பக்கவாட்டில் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து மேலே தூக்கும், கால்கள்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

தரைக்கு மேல் ஒரு பக்கக் கால்கள் ஏழரை அடி, எதிர்ப்பக்கம் 6 அடி. 8 அடி அகலத்துக்கு ஒன்றரை அடி வாட்டம் கிடைக்கும், தண்ணீர் நிற்காது. மழைக்காற்று அடிக்கும் திசையில் தாழ்ந்த பக்கம் வரட்டும். சாரல் உள்ளே வருவது வெகுவாகக் குறையும். அது மேற்காகவும் அமைந்தால் மாலை வெயிலும் மறைந்துவிடும். அமையாவிட்டால் மழைக்கு முதலிடம் கொடுத்து, மேற்குப் பக்கத்தில் நிழல்வலையைத் தொங்கவிடுங்கள்.

எதிரெதிர்க் கால்களை இணைத்து 3 சாய்வுச் சட்டங்கள், அவற்றின் குறுக்கே 4 சட்டங்கள். மூன்றரை அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள நெளி தகடு 4 வாங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது போக ஒவ்வொன்றும் மூன்றேகால் அடி மூடினால் மொத்தம் 13 அடி. இரு ஓரங்களிலும் ஒன்றரை அடி வெளியே நீளும். வாட்டத்தின் போக்கில் ஒரே தகடு வருவதால் நடுவில் ஒட்டு இல்லை, ஒழுக்கும் இல்லை. தாழ்ந்த பக்கம் சுமார் ஒன்றேகால் அடி, உயர்ந்த பக்கம் அரை அடி வெளியே விடுங்கள்.

ஸ்க்ரூவை நெளியின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் வழிந்தோடும் தண்ணீரெல்லாம் அந்த ஓட்டையைத் தாண்டித்தான் போகும். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கும் வரை முறுக்கினால் போதும். பிதுங்கி வெளியே வந்துவிட்டால் ரப்பர் சீக்கிரம் வெடித்து, அங்கேதான் முதல் சொட்டு விழும்.

புழுக்கத்துக்கு வருவோம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி நிற்கும் கோழிக்கு நிழல் மட்டும் போதாது, காற்றும் ஓட வேண்டும். அதனால் பக்கங்களைத் தகட்டால் அடைக்காதீர்கள். அடைப்பின் வலைக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷால் (பற்றவைத்த கம்பிவலை) மூடுங்கள்: சூடான காற்று வெளியேறும், கீரியும் பூனையும் நுழைய முடியாது. தகட்டின் மேல்புறம் வெள்ளை அடித்து, அடியில் ஓரடி விட்டு நிழல்வலையை விரித்துக் கட்டினால் தகட்டின் அனல் நேராகக் கோழி மேல் இறங்காது. கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் தகட்டை முழுக் கூரைக்கும் போட வேண்டாம்; வெயில் ஊடுருவி உள்ளே சூடேறும்.

இந்தக் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் சுமார் 115 லிட்டர் தண்ணீர் வழியும். அது அடைப்பின் காலடியிலேயே விழுந்தால் கூரை போட்டும் தரை சேறாகத்தான் கிடக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் எச்சத்திலுள்ள ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் ஓரிரு நாளில் நோய் பரப்பும் பக்குவத்துக்கு வந்துவிடும். தாழ்ந்த விளிம்பில் பிவிசி குழாயைப் பாதியாக அறுத்துப் பொருத்தி, தண்ணீரைத் தொட்டிக்கோ தள்ளியுள்ள மரத்துக்கோ விடுங்கள். உள்தரையும் வெளித்தரையைவிட 4 அங்குலம் உயரமாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் கோழிகளை உடனே உள்ளே விடாதீர்கள். தகடு வெட்டிய துருவல், விழுந்த ஸ்க்ரூ, கட்டுக்கம்பித் துண்டு எது மினுங்கினாலும் கோழி கொத்தி விழுங்கும். இரும்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு அதற்கு விஷம். தரையை ஒருமுறை பெருக்கி, பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணோடு மண்ணாக இரண்டு தடவை இழுங்கள். காந்தத்தில் எதுவும் ஒட்டாமல் வந்த பிறகு கதவைத் திறக்கலாம்.